மறைக்கல்வி அறையில் ஒரு மாலை

கடற்கரையிலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் மாலைப் பேருந்தில் இடம் கிடைப்பது எளிது. காலையில் மீன் விற்கச் சென்ற பெண்கள் காலிப் பாத்திரங்களோடு எதிர்த்திசையில் ஊர் திரும்பும் நேரம் அது. இவ்வாண்டுத் தவக்காலத்திற்குச் சற்று முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, ஐந்து மணிப் பேருந்தில் நாம் ஏறியபோது நம்முடன் வந்தவர் சன்னலோரம் அமர்ந்தார். பயணச்சீட்டை நீளவாக்கில் மடித்தார். பின்பு குறுக்கே மடித்தார். இனி மடிப்பதற்கு இடமில்லை என்னுமளவுக்குச் சிறிதாக்கி விரலிடுக்கில் வைத்துக்கொண்டார். பேச்சுக் கொடுத்துப் பார்த்தோம். "ம்" என்பதற்கு மேல் விடை வரவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நாம் சென்ற தெருவின் பெயரையும், கூட்டம் நடைபெற்ற ஆலயத்தின் பெயரையும் எழுதுவதற்கில்லை. காரணம் போகப்போக விளங்கும். இக்கட்டுரையை எழுதலாமா என்று அவரிடமும் அக்குழுவின் செயலரிடமும் முன்கூட்டியே கேட்டோம். பெயரும் அடையாளமும் வேண்டாம் என்ற ஒரே நிபந்தனையை இருவரும் விதித்தனர். எழுதி முடித்தபின் அவரை அழைத்து வாசித்தும் காட்டினோம்.

அவர் மீனவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெண் எடுத்த ஊரிலேயே வீடு கட்டிக் குடியிருப்பதால் நமது பங்கைச் சேர்ந்தவரானார். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் நமது கடலைப் புரட்டிப்போட்டபோது, கவிழ்ந்த வள்ளத்தைப் பற்றிக்கொண்டு இரண்டு இரவுகள் மிதந்து, உயிரோடு கரை சேர்ந்தவர். அப்படிப்பட்டவருடைய மனைவி ஒரு நாள் காலைப் பூசை முடிந்ததும் பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றார்.

"சாமி, அவிய நாகர்கோவில்ல ஏதோ கூட்டத்துக்குப் போவணும்னு சொல்லுதாவ. தனியாப் போவப் பயமாட்டு இருக்காம். சாமி கூட வந்தா போவாவளாம்."

புயலுக்கு அஞ்சாதவர் ஓர் அறைக்குள் நுழைய அஞ்சுகிறாரா என்று வியந்தோம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பத்து நாள் கிடந்து வந்தவர் அவர். வீட்டுக்கு அனுப்பும் அன்று, மருத்துவர் ஒரு துண்டுத்தாளில் அந்தக் கூட்டத்தின் கிழமையையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்து, "மருந்து என் வேலை, மீதி அங்கே" என்றாராம். அத்துண்டுத்தாள் மூன்று வாரமாக வீட்டு மாதா படத்திற்குப் பின்னால் செருகியே இருந்தது.

பேருந்து தென்னந்தோப்புகளைத் தாண்டி, வாழைத் தோட்டங்களின் ஊடே வளைந்து வளைந்து சென்றது. குளங்களில் தாமரை இலைகள் மூடிக் கிடந்தன. வடக்கே வேளிமலை நீலமாகத் தெரிந்தது. ஒரு சந்திப்பில் பேருந்து நின்றபோது, சாலையிலிருந்து உள்வாங்கியிருந்த கம்பி அடைத்த கடையின் முன்னே ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தனர். அந்தக் கடையைப் பற்றி விளக்கவேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டு முதல் நமது மாநிலத்தில் மதுச் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் உள்ளது. நம்முடன் வந்தவர் அப்பக்கம் பார்க்கவில்லை. முன் இருக்கையின் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைகளை மூடச் சொல்லி நாமும் ஊர்வலம் சென்றதுண்டு. 2015-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள், நமது மாவட்டத்திலேயே, மார்த்தாண்டத்திற்கு அருகிலுள்ள உண்ணாமலைக்கடையில், மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தின் மீது ஏறிப் போராடிய காந்தியவாதி சசி பெருமாள் உயிர் துறந்தார். அந்நாள்களில் நம் பிரசங்கங்களில் அனல் பறந்தது. கடையைப் பற்றி நிறையப் பேசினோம். கடைக்குள் நின்றவரைப் பற்றி நமக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை இனிக் கூறவேண்டும்.

உடன் வந்தவருடைய அண்ணனை நாம் அறிவோம். 2011-ஆம் ஆண்டு நாம் வேறொரு கடற்கரைப் பங்கில் குருவாக இருந்தபோது அவர் நமது பங்கைச் சேர்ந்தவர். நல்ல தொழிலாளி, நல்ல குடியர். அவ்வாண்டுப் பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவை ஆராதனை முடிந்தபின், குடிப்பழக்கமுள்ள ஆண்களைப் பீடத்தின் முன் வரவழைத்தோம். ஒவ்வொருவராகச் சிலுவையைத் தொட்டு, "சாகும்வரை இனித் தொடமாட்டேன்" என்று ஆணையிடச் செய்தோம். இருபத்துமூன்று பேர். மனைவிமார் விம்மி அழுதனர். நாமும் கண் கலங்கினோம். அச்செய்தியை ஒரு பத்திரிகைக்கு எழுதி அனுப்பி மகிழ்ந்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

மறுநாள் பாஸ்காத் திருவிழிப்பில் அண்ணன் முன்வரிசையில் நின்றார். கையிலிருந்த மெழுகுதிரி நடுங்கியது. உருகிய மெழுகு விரல்களில் வழிந்தும் அவரால் திரியை நிலையாகப் பிடிக்க முடியவில்லை. மனந்திரும்பியவரின் உருக்கம் என்று நினைத்து நாம் உள்ளம் பூரித்தோம். திங்கட்கிழமை அவர் மனைவி ஓடி வந்தார். சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கணவர் கூச்சலிடுகிறார், யாரையும் அடையாளம் தெரியவில்லை என்றார். நாம் சென்று செபித்தோம்; தீர்த்தம் தெளித்தோம்; தைரியம் சொல்லித் திரும்பினோம். அன்றிரவு அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் அரைக் குவளைப் பிராந்தியைக் கொடுத்தார். நடுக்கம் அடங்கியது. செய்தி நம் காதுக்கு எட்டியது. அவ்வாண்டுப் பெருநாளில் சப்பரம் தூக்குவோர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நம் கையாலேயே அடித்தோம்.

மூன்று ஆண்டுகள் கழித்து, கல்லீரல் கெட்டு, வயிற்றில் நீர் கோத்து அவர் இறந்தார். அப்போது நாம் மாற்றலாகி வேறு பங்கில் இருந்தோம். அடக்கத்திற்குச் செல்ல இயலவில்லை. ஒரு வாரம் கழித்துச் சென்று குடும்பத்தாரைக் கண்டோம். தம்பி அப்போது நம்மிடம் மரியாதையாகவே பேசினார்.

பெருங்குடியர் ஒருவர் திடீரென்று குடியை நிறுத்தினால் முதல் நாளிலேயே கைநடுக்கம் தொடங்கலாம். முதலிரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சித்தம் கலங்கி, இல்லாத பூச்சிகளும் உருவங்களும் கண்ணில் தோன்றலாம். கவனியாது விட்டால் உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் வைத்து மருந்தும் உயிர்ச்சத்து ஊசியும் கொடுத்துத்தான் அந்நாள்களைக் கடத்தவேண்டும். இதனை நாம் அறிந்துகொண்டது மிகப் பிந்தி. மெழுகுதிரி நடுங்கியது வெள்ளிக்கிழமைச் சத்தியத்தின் இரண்டாம் நாள். எறும்புகள் வந்தது நான்காம் நாள்.

நாகர்கோவில் மீனாட்சிபுரத்தில் அண்ணா பேருந்து நிலையத்தில் இறங்கினோம். கூட்டம் ஆறரை மணிக்கு. கையில் முக்கால் மணி நேரம் இருந்தது. "மொதல்ல ஒரு டீ குடிப்போம், சாமி" என்றார். குடித்தோம். இன்னொன்று வாங்கினார். அதை ஆறவிட்டு, குவளையைக் கையில் வைத்தபடி போவோர் வருவோரைப் பார்த்து நின்றார். மணி ஆறு இருபது ஆயிற்று. "நாம போனா தெரிஞ்ச ஆளுவ யாராவது இருப்பாவளோ?" என்று கேட்டார். "இருந்தால் அவர்களும் அதற்காகத்தான் வந்திருப்பார்கள்" என்றோம். அதைக் கேட்டு இலேசாகச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுவே முதல் தடவை.

செயலரிடம் முந்தின நாள் கைப்பேசியில் பேசியிருந்தோம். மாதத்தில் ஒரு கூட்டம் திறந்த கூட்டம், அதற்குக் குடும்பத்தாரும் விருப்பமுள்ளோரும் வரலாம், மற்றவை குடிநோயாளருக்கு மட்டுமே என்று விளக்கினார். அங்கி அணிந்து வரலாமா என்று கேட்டோம். "எப்படி வேணும்னாலும் வாருங்க, ஃபாதர். ஆனா ஒங்களுக்குப் பின்வரிசைதான்" என்றார். குருப்பட்டம் பெற்ற நாளிலிருந்து பின்வரிசையில் அமரச் சொல்லி நம்மை யாரும் அழைத்ததில்லை.

ஆலயத்தின் பின்புறம், கிணற்றடியை ஒட்டி, சிறுவர்க்கான மறைக்கல்வி அறை. சுவரில் பத்துக் கட்டளைகள் எழுதிய அட்டை. கரும்பலகையில், ஞாயிறன்று யாரோ ஓர் ஆசிரியை எழுதிய, "கடவுள் நம்மை ஏன் படைத்தார்?" என்ற கேள்வி அழிக்கப்படாமல் இருந்தது. பிள்ளைகளுக்குரிய குட்டை விசுப்பலகைகளில் பெரிய ஆண்கள் முழங்காலை நெஞ்சுவரை மடக்கி உட்கார்ந்திருந்தனர். பதினெட்டுப் பேர் இருந்தோம். அவர்களில் இரு பெண்கள். மேசையில் ஒரு தேநீர்க் குடுவை, ஒரு தட்டு முறுக்கு, நான்கைந்து சிறு நூல்கள். சுவர் ஆணியில் பன்னிரு படிகளை அச்சிட்ட துணி தொங்கியது. கூட்டம் முடிந்ததும் அதைச் சுருட்டி எடுத்துச் செல்வார்களாம். ஞாயிறன்று பிள்ளைகள் வந்து பார்க்கும்போது சுவர் பழையபடி இருக்கும்.

இக்கூட்டுறவைப் பற்றிச் சில சொற்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. என்று உலகெங்கும் அழைக்கப்படும் இது, 1935-ஆம் ஆண்டு சூன் 10-ஆம் நாளைத் தன் பிறந்த நாளாகக் கொள்கிறது. அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர் கடைசியாகக் குடித்த நாள் என்று அதைக் கூறுவர். அவருக்குத் துணை நின்றவர் வில்லியம் வில்சன் என்னும் பங்குச்சந்தை வணிகர். அவரும் குடியில் வீழ்ந்து எழுந்தவர். தம்மைப் போன்ற இன்னொருவருக்கு உதவுவதால்தான் தாமும் குடியாதிருக்க முடிகிறது என்பதே அவ்விருவரும் கண்டது. அந்நாளில் குடியரைப் படுக்கையில் சேர்க்க மருத்துவமனைகள் தயங்கின. ஆக்ரனிலிருந்த புனித தோமையார் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பிலிருந்த அருட்சகோதரி இக்னேஷியா 1939-இல் துணிந்து கதவைத் திறந்தார். அடுத்த ஆண்டு எட்வர்ட் டௌலிங் என்னும் சேசு சபைக் குரு வில்சனைத் தேடிச் சென்று சந்தித்து, வாழ்நாள் நண்பரானார். அக்குரு குடிப்பவர் அல்லர். பன்னிரு படிகளில் புனித இஞ்ஞாசியாரின் ஞானப் பயிற்சிகளுடைய சாயலைக் கண்டு அவர் வந்தாராம். நமது நாட்டில் 1957-இல் பம்பாயில் இது தொடங்கியது.

கூட்டம் சிறு மௌனத்தோடு தொடங்கியது. தலைமை தாங்கியவர் ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர். தம் பெயரின் முதற்பகுதியை மட்டும் கூறி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார். "வணக்கம்" என்று எல்லாரும் அவர் பெயரைச் சொல்லி விடையளித்தனர். குடியை விட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின என்றார். பத்தொன்பது ஆண்டுகள் குடியாதவர் இன்னும் ஏன் தம்மைக் குடிநோயாளி என்கிறார் என்று நமக்குள் எண்ணினோம். அவர் அதைத் தொடர்ந்து கூறியது: "இன்னைக்குக் காலையில எழுந்திரிச்சப்ப, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன். இப்ப மணி ஏழு. இதுவரைக்கும் சரி."

பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் கேட்பது ஒரு நாள்தான்! நாமோ முதல் நாளிலேயே இருபத்துமூன்று பேரிடம் சாகும்வரை கேட்டோம்.

அடுத்துப் பேசியவர் மேற்கு மலையோரத் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. பால்வெட்டு என்பது விடியுமுன் செய்யும் வேலை. பட்டையை மெல்லியதாகச் சீவவேண்டும். கத்தி சற்று ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், முதலாளி சீறுவார். "காலையில நாலு மணிக்குக் கை நடுங்கும். கை நிக்கணும்னா குடிக்கணும். சந்தோசத்துக்குக் குடிச்ச காலம் எப்பவோ போச்சு. கத்தி பிடிக்கதுக்காகக் குடிச்சேன்" என்றார். தாம் காயப்படுத்திய மரங்களைப் பற்றி அவர் சொன்னபோது ஓரிருவர் சிரித்தனர், அவரும் சிரித்தார். மனைவியைப் பற்றிச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. படிகளில் ஒன்று, நம்மால் தீங்கடைந்தோரின் பட்டியலை எழுதச் சொல்கிறது. அதற்கடுத்தது, யாருக்கும் மேலும் துன்பம் நேராதவாறு, இயன்றவரை நேரில் சென்று ஈடு செய்யச் சொல்கிறது. தம் பட்டியலில் முதற்பெயர் மகளுடையது என்றும், இன்னும் அவள் வீட்டுப் படியேறத் துணிவு வரவில்லை என்றும் கூறி அமர்ந்தார்.

அவர் கடவுளைப் பற்றிப் பேசியபோது குமாரகோவில் முருகனைக் குறிப்பிட்டார். வேறொருவர் அல்லாவிடம் கேட்டதாகச் சொன்னார். தம்மினும் மேலான ஓர் ஆற்றலிடம் தம்மை ஒப்படைக்கவேண்டும் என்பதே படி. அது யார் என்பதை அவரவர்க்கே விட்டுவிடுகிறார்கள். நம் வாசகருள் சிலருக்கு இது நெருடலாம். நமக்கும் சற்று நெருடியது. ஆனால் நமது திருச்சபையின் சுவருக்குள், நமது பிள்ளைகளின் விசுப்பலகையில் அமர்ந்து, ஒரு மனிதர் தம் பலவீனத்தை இத்துணை உண்மையோடு ஒப்புக்கொள்வதை நாம் அதிகம் கேட்டதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு இது ஈடு என்று கூறவில்லை. இங்கே மன்னிப்பு வழங்க யாரும் இல்லை, அவர்களும் அப்படிக் கோரவில்லை. எனினும் அத்தொட்டியின் மறுபுறம் இத்தனை ஆண்டுகள் அமர்ந்திருந்த நமக்கு அந்தக் குரலின் தொனி தெரியும்.

பின்பு வெள்ளைச் சட்டை அணிந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். பள்ளி ஆசிரியராக இருந்தவர். மூன்று ஆண்டுகள் குடியாதிருந்தாராம். "போன வியாழக்கிழமை மருமகன் வீட்டு விசேஷத்துல குடிச்சிட்டேன். வெள்ளியும் குடிச்சேன். இன்னைக்கு நாலாவது நாள்" என்றார்.

நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். இப்போது தலைவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தோம். மூன்று ஆண்டு உழைப்பைப் பாழாக்கியவருக்கு ஒரு கண்டிப்பாவது, ஓர் அறிவுரையாவது உண்டு என்று எதிர்பார்த்தோம். தலைவர், "திரும்பி வந்ததுக்கு நன்றி, சார்" என்றார். பக்கத்திலிருந்த இளைஞர் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தார். பெரியவர் இரு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்தவர் பேசத் தொடங்கினார். அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் நம் நினைவில் வந்து நின்றவர் மாற் டால்பட். டப்ளின் நகரத்துத் தொழிலாளி. பன்னிரண்டு வயதிலேயே குடிக்கத் தொடங்கி, இருபத்தெட்டாம் வயதில், 1884-இல் விட்டவர். பிறகு நாற்பது ஆண்டுகள் செபத்திலும் தவத்திலும் வாழ்ந்து, 1925-ஆம் ஆண்டு சூன் 7-ஆம் நாள் பூசைக்குச் செல்லும் வழியில் தெருவில் விழுந்து இறந்தவர். 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தினார். அந்தப் பெரிய வெள்ளியன்று நாம் பிரசங்கித்தது அவரைப் பற்றித்தான். ஒரே நாளில் குடியை உதறினார், வாழ்நாள் முழுவதும் தொடவில்லை என்று முழங்கினோம். அவர் முதலில் கொடுத்த வாக்கு மூன்று மாதங்களுக்கு மட்டுமே. அது முடிந்தபின் ஆறு மாதம். அதன் பிறகே ஆயுளுக்கும். நூலில் அது தெளிவாக இருந்தது. பிரசங்கத்தின் விசை குறைந்துவிடும் என்று அந்த மூன்று மாதத்தை நாம் விட்டுவிட்டோம்.

குருமடத்தில் திருச்சபைச் சட்டம் கற்பித்த ஆசிரியர் கூறியதும் நினைவுக்கு வந்தது. நேர்ச்சை என்பது ஆய்ந்து, முழு விருப்பத்தோடு, இயலக்கூடிய மேலான நன்மையைக் குறித்துக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. 1191-ஆம் சட்டம். இயலக்கூடிய என்ற சொல்லைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தோம்.

நடுவே ஒரு துணிப்பை கைமாறி வந்தது. நம்மிடம் வந்ததும் நூறு ரூபாய்த் தாளை எடுத்தோம். பையை ஏந்தி வந்த இளைஞர் மெதுவாகத் தலையசைத்து, "மன்னிக்கணும், ஃபாதர். உறுப்பினர் மட்டுந்தான் போடலாம்" என்று கூறிக் கடந்து சென்றார். வெளியார் பணத்தை ஏற்பதில்லை என்பது அவர்கள் மரபு. இந்த அறைக்கும் பங்குக்கு வாடகை செலுத்துகிறார்கள். இலவசமாகத் தர அப்பங்குக் குரு முன்வந்தும் மறுத்துவிட்டனராம். காணிக்கைப் பையை ஆயிரம் தடவை அனுப்பியிருக்கிறோம். அது நம்மை விலக்கிச் சென்றது இதுவே முதல் முறை.

எட்டு மணியை நெருங்கும்போது தலைவர், "புதுசா வந்தவங்க விருப்பப்பட்டா பேசலாம். கட்டாயமில்ல" என்றார். நம் அன்பர் தலை குனிந்தே இருந்தார். வேறொருவர் வாய் திறக்கப்போன நேரத்தில் அவர் எழுந்தார்.

"பேரு சொல்லணுமா?"

"வேண்டாம்."

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். என்னைவிட நல்லவன். கோவில்ல சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ணினான். நாலு நாள் தாங்கல. அதுக்குப் பெறவு அவன் கோவிலுக்குள்ள ஏறல. வெளிய மணல்ல நின்னு பூசை காணுவான். ஏண்ணே உள்ள போவலன்னு கேட்டா, கடவுள்கிட்டயே பொய் சொன்னவன்டா நான்னு சொல்லுவான். சாவுற வரைக்கும் மணல்லதான் நின்னான். என்னையும் சத்தியம் பண்ணச் சொன்னாவ. பண்ணல. பண்ணினா நானும் மணலுக்குப் போயிருவேன்னு பயம். ஆஸ்பத்திரியில இருந்து வந்து இருபத்தெட்டு நாள் ஆச்சு. இண்ணைக்குக் குடிக்கல. நாளைக்கு எனக்குத் தெரியாது."

உட்கார்ந்துவிட்டார். அந்தச் சாமியார் யார் என்று சொல்லவில்லை. பின்வரிசைப் பக்கம் திரும்பிப் பார்க்கவுமில்லை.

ஒருவர் பேசினால் மற்றவர் பதில் கூறுவதோ, விவாதிப்பதோ அங்கே வழக்கமில்லை. நம்மிடம் பதில் இருந்தது. நல்லெண்ணத்தோடு செய்தோம், அந்நாளில் நமக்கு விவரம் தெரியாது, ஊரெல்லாம் அப்படித்தான் செய்தார்கள் என்று மூன்று பதில்கள் தொண்டைவரை வந்தன. கூறுவதற்கு இடமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் மூன்று ஆண்டுகள் மணலில் நின்றார் என்பது நமக்கு அன்றுவரை தெரியாது. பூசை முடித்து நாம் முன்வாசல் வழியாகப் பங்கு இல்லம் செல்வது வழக்கம். மணல் இருப்பது பக்கவாசலில்.

எல்லாரும் எழுந்து கைகோத்து, மன அமைதிக்கான செபத்தைச் சொன்னார்கள். நம் இடக்கையைப் பிடித்திருந்தவர் அந்தப் பள்ளி ஆசிரியர்.

தேநீரின்போது பால்வெட்டுத் தொழிலாளி நம்மிடம் வந்தார். அவர் மனைவி கிறிஸ்தவர். மகனுக்குக் கோவிலில் திருமணம் பேசியிருக்கிறார்களாம். அப்பத்தைத் திராட்சை இரசத்தில் தோய்த்துக் கொடுக்கும்போது மகன் என்ன செய்வது, அவனுக்கும் இந்த நோய் இருக்கிறது என்றார். இதைக் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது என்பதால் எழுதுகிறோம். அப்பத்தை மட்டும் உட்கொண்டாலே கிறிஸ்துவை முழுமையாகப் பெறுகிறோம். தோய்க்காமல் தரும்படி குருவிடம் முன்கூட்டிக் கூறினால் போதும். குருக்களுள்ளும் இந்நோய் உள்ளவர் உண்டு. அவர்கள் புளிக்கத் தொடங்கிய நிலையில் நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைப் பயன்படுத்த ஆயர் அனுமதி அளிக்கலாம் என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003-இல் தெளிவுபடுத்தியுள்ளது. கிறிஸ்துமஸ் நாளில் வீட்டில் செய்யும் ஒயினையும், சாராயம் ஊற்றிய கேக்கையும், "ஒரு துண்டுதானே" என்று இவர்கள் வாயில் ஊட்டும் உறவினருக்கு எந்தப் பேராயமும் விதி வகுக்கவில்லை; அதை நாமே செய்துகொள்ளவேண்டும்.

அங்கிருந்த இரு பெண்களுள் ஒருவர் குடிநோயாளர். மற்றவர் ஒருவருடைய மனைவி. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்னும் தனிக் கூட்டுறவு 1951 முதல் இயங்குவதை அம்மனைவிதான் நமக்குக் கூறினார். வில்சனின் மனைவி லோயிஸ் தொடங்கியது அது. "அவர் பாட்டிலை ஒளிச்சு வைக்கிறதும், நான் தேடி எடுத்து ஊத்துறதுமா பத்து வருஷம் போச்சு, ஃபாதர். இப்ப நான் தேடுறதில்ல" என்றார். நம் பங்கில் எத்தனை வீடுகளில் இந்தத் தேடல் நடக்கிறதோ!

இரவுப் பேருந்தில் மீண்டும் சன்னலோரம் அவர், பக்கத்தில் நாம். சட்டைப்பையில், கூட்டத்தார் எழுதிக் கொடுத்த ஐந்து கைப்பேசி எண்கள் இருந்தன. ஊர் பாதி வழி வரும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவர், "அந்தப் பால்வெட்டுக்காரர் கை நடுக்கம்னு சொன்னாருல்லா, சாமி. அண்ணனுக்கும் அதுதான்" என்றார்.

"ஆமாம். எனக்கு அப்போது தெரியாது. நான் அவரைச் சப்பரத்திலிருந்து விலக்கினேன்" என்றோம்.

"தெரியும்."

"நான் என்ன செய்யவேண்டும்?"

நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணன் போயிட்டான். மத்தவிய இருபத்திரெண்டு பேரு இருக்காவல்லா" என்றார்.

ஊர் நிறுத்தத்தில் விளக்குக் கம்பத்தின் கீழே அவர் மனைவி, கடைசி மகளைக் கையில் பிடித்தபடி நின்றார். "அடுத்த செவ்வாய் நான் தனியாப் போவேன்" என்று சொல்லி இறங்கினார்.

அதன் பிறகு ஒன்பது செவ்வாய்க்கிழமைகள் கழிந்துள்ளன. ஏழுக்குச் சென்றார். ஒன்றுக்கு ஆழ்கடலில் இருந்ததால் செல்லவில்லை. மற்றொன்றுக்கு ஏன் செல்லவில்லை என்று நாம் கேட்கவில்லை. அவரே வந்து சொன்னார், அடுத்த கிழமை மீண்டும் சென்றார்.

2011-ஆம் ஆண்டின் நாட்குறிப்பைப் பழைய பெட்டியிலிருந்து தேடி எடுத்தோம். இருபத்துமூன்று பெயர்களும் நம் கையெழுத்தில் உள்ளன. ஒன்றின் மேல் கோடு. அண்ணனைத் தவிர இன்னும் நால்வர் இறந்துவிட்டனர். திங்கட்கிழமைகளில் அப்பழைய பங்குக்குச் சென்று, இதுவரை ஆறு வீடுகளைச் சந்தித்தோம். முதல் வீட்டில் நம்மை நாற்காலியில் அமர்த்திக் காப்பி கொடுத்தார்கள். இரண்டாம் வீட்டில் அவர் பின்வாசல் வழியாக வெளியேறிவிட்டார், மீண்டும் செல்லவேண்டும். நான்காம் வீட்டுக்காரர் அன்று ஆணையிட்ட நாள் முதல் இன்றுவரை உண்மையாகவே குடிக்கவில்லை. நாம் மன்னிப்புக் கேட்டதும் திகைத்துப்போய், "எதுக்கு, சாமி?" என்றார். ஏழாம் பெயருக்குரியவர் தூத்துக்குடிப் பக்கம் விசைப்படகுத் தொழிலுக்குச் சென்றிருக்கிறார். பெருநாளுக்கு வருவார் என்று வீட்டார் கூறினார்கள்.